ந்தார் நகருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

வரைபடத்தில் தேடினால் ‘சேன் லூயி’ என்றுதான் வரும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் யாரிடமும் ‘ந்தார்’ என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து வழி சொல்வார்கள். வோலோஃப் மொழியில் ஊரின் பெயர் அதுதான். பந்து, சந்து என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இந்த ‘ந்தா’ கஷ்டமே இல்லை, நமக்கு அது ஒரு சின்ன வசதி.

ஊர் மூன்று துண்டாகக் கிடக்கிறது. கிழக்கே பெருநிலத்தோடு ஒட்டிய சோர். நடுவில், செனகல் ஆற்றுக்குள், சுமார் 2 கிலோமீட்டர் நீளமும் 400 மீட்டர் அகலமும் கொண்ட தீவு. மேற்கே, ஆற்றையும் அட்லாண்டிக் கடலையும் பிரிக்கும் ஒல்லியான மணல்திட்டு. வெளியூர்க்காரர்கள் பலர் தீவில் அறை எடுத்து, பால்கனிகளைப் படம் பிடித்து, இரண்டாம் நாளே கிளம்பிவிடுகிறார்கள். அது தப்பு என்பது என் கருத்து. குறைந்தது நான்கு நாள் ஒதுக்குங்கள். சோரில் தொடங்கி, தீவைத் தாண்டி, கடல்வரை, வரிசை மாறாமல் நடந்து பாருங்கள். அப்போதுதான் ஊர் பிடிபடும்.

கிளம்புவதற்கு முன்

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. செனகல் அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள். பேச்சுக்கே இடமில்லை. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகிறவை, அதனால் தூதரகத்திடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. பகலில் இதமான வெயில், இரவில் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். சில நாள் சகாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று புழுதியோடு வரும். கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு ஒரு துண்டு இருந்தால் சமாளிக்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை மழை, கொசு, வெக்கை.

பணம் சிஃபா ஃபிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க் என்று நிலையாகக் கட்டப்பட்டது. எனவே யூரோவாகக் கொண்டுபோனால் கணக்கு சுலபம். இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கிவிடுங்கள். ‘வேவ்’ என்ற கைபேசிப் பணச் செயலியின் பென்குயின் படம் தெருத்தெருவாக ஒட்டியிருக்கும். டாக்சிக்காரர் முதல் மீன் விற்கும் அம்மா வரை அதில் வாங்குவார்கள். சில்லறைப் பிரச்சினை தீர்ந்தது.

டாக்காரிலிருந்து வடக்கே

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், அடிஸ் அபாபா, இஸ்தான்புல், பாரிஸ் என்று ஏதாவது ஒரு ஊரில் மாறி, தலைநகர் டாக்காருக்கு வெளியே தியாஸில் உள்ள பிளேஸ் தியாங் விமான நிலையத்தில் இறங்குவீர்கள். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

டாக்காரிலிருந்து ந்தார் சுமார் 260 கிலோமீட்டர். போக்குவரத்தைப் பொறுத்து நான்கைந்து மணி நேரம். பெரிய பேருந்துகள் உண்டு, ஆனால் ஊர்க்காரர்களின் வண்டி ‘செத் ப்ளாஸ்’. ஏழு இருக்கை என்று அர்த்தம். பழைய பெஜோ கார், முன்னால் ஒருவர், நடுவில் மூவர், பின்னால் மூவர். ஏழு பேர் சேர்ந்ததும் கிளம்பும், அதுவரை நகராது. நம்ம ஊர் ஷேர் ஆட்டோ கதைதான். பின்வரிசையில் முழங்கால் தாடையில் இடிக்கும் என்பதால் காலையில் சீக்கிரம் போய் நடுவரிசையைப் பிடியுங்கள். ஆளுக்கான கட்டணத்தில் பேரம் கிடையாது. மூட்டைக்கான கூலியில்தான் பேரம்.

இந்த வழியில் 1885இல் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் ரயில் போட்டார்கள். கயோர் நாட்டு அரசர் லாத் தியோர் தன் மண்ணில் இருப்புப்பாதை வரக்கூடாது என்று எதிர்த்தார், 1886இல் போரில் இறந்தார். இன்று செனகலில் அவர் தேசிய வீரர். பாதை வந்தது, நிலக்கடலை டாக்கார் துறைமுகத்துக்குப் போனது, வியாபாரமும் மெல்ல அதன் பின்னாலேயே போய்விட்டது. இப்போது ரயிலும் ஓடுவதில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம், சோரில், பழைய நிலையக் கட்டடம் மட்டும் நிற்கிறது.

சோரும் பாலமும்

வண்டி உங்களை ஊருக்குத் தெற்கே பேருந்து நிலையத்தில் இறக்கும். அங்கிருந்து உள்ளூர் டாக்சி. நேராகத் தீவுக்கு ஓட்டச் சொல்லாமல் சோர் சந்தையில் இறங்குங்கள். ஊரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள், பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான். வெங்காயம், செருப்பு, அண்டை நாடான மொரித்தானியாவிலிருந்து வரும் சரக்கு, குதிரை வண்டி, ஆட்டுக் கூட்டம் எல்லாம் ஒரே தெருவில். வடக்கே கொஞ்ச தூரத்தில் காஸ்தோன் பெர்ழே பல்கலைக்கழகம் இருக்கிறது, 1990இல் திறந்தது. பெர்ழே இந்த ஊரில் 1896இல் பிறந்த தத்துவ ஆசிரியர்.

பேச ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இங்கே வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது. ‘அது என்ன விலை?’ என்று நேராக ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். ‘சலாமாலேக்கும்’ என்று தொடங்குங்கள், ‘மாலேக்கும் சலாம்’ என்று பதில் வரும். அடுத்து ‘நங்க தெஃப்’, எப்படி இருக்கிறீர்கள். பதில் ‘மங்கி ஃபி ரெக்’, அதாவது ‘இங்கேதான் இருக்கேன்’. எனக்குப் பிடித்த பதில் இது. வீட்டில் எல்லாரும் சுகமா, வேலை எப்படி என்று இன்னும் இரண்டு சுற்று போகும். அதற்குப் பிறகுதான் ‘ஞாத்த லா’, எவ்வளவு. முடிந்ததும் ‘ஜெரெஜெஃப்’, நன்றி. இந்த ஐந்தும் போதும். பிரெஞ்சு தெரிந்தால் நல்லது, ஆங்கிலம் மட்டும் என்றால் கொஞ்சம் திண்டாட்டம்.

இரண்டு பேர் திடீரென்று ஒருவரையொருவர் ‘சோத்துப் பண்டாரமே’ என்கிற தோரணையில் திட்டிக்கொண்டால் பதறாதீர்கள். தியோப், ந்தியாய் போன்ற குடும்பப் பெயர்களுக்கு நடுவே பரம்பரையான கேலி உறவு இருக்கிறது. நம்மிடம் மாமன் மச்சான் கிண்டல் மாதிரி. உங்களுக்கும் ஓர் உள்ளூர்ப் பெயர் வைப்பார்கள். எந்தக் குடும்பப் பெயர் கிடைத்ததோ, அதற்கு உரிய கிண்டலும் சேர்ந்தே வரும்.

அப்புறம் பாலம். நடந்தே கடந்து போங்கள். 1865இல் இங்கே மிதவைகள் மேல் போட்ட பாலம் இருந்தது. இப்போது நிற்கும் ஏழு வளைவு இரும்புப் பாலம் 1897இல் திறக்கப்பட்டது, அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் போக ஒரு பகுதி மட்டும் பக்கவாட்டில் திரும்பும்படி கட்டியிருக்கிறார்கள். ‘இது டான்யூப் ஆற்றுக்காகச் செய்தது, வழிதவறி இங்கே வந்தது, கட்டியவர் பாரிஸ் கோபுரத்து ஐஃபெல்’ என்று வழிகாட்டி ஒருவர் கட்டாயம் சொல்வார். இரண்டுமே கட்டுக்கதை. கதை நன்றாக இருப்பதால் சிரித்துக் கேட்டுக்கொள்ளலாம். துருப்பிடித்த வளைவுகளை 2011 வாக்கில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிதாக மாட்டினார்கள்.

பாலத்தின் பெயர் ஃபெதேர்ப். 1854இலிருந்து இடையில் ஓர் இடைவெளியோடு 1865 வரை இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தவர். பள்ளி திறந்தார், ஊர்களையும் எரித்தார், 1857இல் ‘செனகல் துப்பாக்கி வீரர்’ படையைத் தொடங்கினார். பாலத்தைக் கடந்ததும் வரும் சதுக்கத்தில் அவர் சிலை இருந்தது, ‘நன்றியுள்ள செனகல்’ என்று பீடத்தில் எழுதி. 2017இல் ஒரு புயல் மழையில் தானாகவே விழுந்தது. மறுபடி நிறுத்தினார்கள். யாருக்கு நன்றி என்ற சண்டையும் கூடவே எழுந்தது. 2020இல் சதுக்கத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது சிலையை அகற்றிவிட்டார்கள், சதுக்கத்துக்கும் ‘பாயா ந்தார்’ என்று பெயர் வந்தது. பாலத்தின் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

தீவு: நீலத் துணியின் கரை

இங்கே நிதானமாக இருங்கள். முதல் நாள் தெற்குப் பாதி, மறுநாள் வடக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். தெருக்கள் எல்லாம் கோடு போட்டது போல நேராக இருப்பதால் வழி தவறவே முடியாது. தவறினாலும் எந்தப் பக்கம் போனாலும் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1659இல் இந்தத் தீவில் கோட்டை கட்டினார்கள். சதுக்கத்து ஓரத்தில் ஆளுநர் மாளிகை நிற்பது அந்தக் கோட்டையின் மேல்தான். அதன் பின்னால் 1828இல் கட்டி முடித்த தேவாலயம். வடமுனையில் 1847இன் பெரிய பள்ளிவாசல், கோபுரத்தில் கடிகாரத்தோடு. அப்படி ஒரு மினாரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தெற்குக் குடியிருப்புக்குக் ‘கெர்த்தியான்’ என்று பெயர், கிறிஸ்தவர் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தெற்கு முனையில் உள்ள ஆய்வு மைய அருங்காட்சியகத்தையும், 2017இல் திறந்த புகைப்பட அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். இரண்டாவதில் பழைய ந்தார் பெண்கள் ஸ்டுடியோவில் அமர்ந்திருக்கும் படங்களுக்கு முன்னால் அரை நாள் போனதே தெரியாது.

வீடுகளைப் பார்க்கும்போது மேலே பால்கனியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் கீழ்த்தளத்தைக் கவனியுங்கள். கனத்த கதவு, சின்ன ஜன்னல். கீழே கிடங்கு, மேலே குடியிருப்பு, நடுவில் முற்றம். அந்தக் கிடங்குகளில் பிசின் இருந்தது, துணி இருந்தது, விற்பதற்காகக் கொண்டுவந்த மனிதர்களும் இருந்தார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது 1848இல்தான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆற்றுக்கு வடக்கே, பாலைவன ஓரத்தில், ஒருவகை வேலமரத்திலிருந்து பிசின் எடுப்பார்கள். பிரான்சின் துணி அச்சடிக்கும் ஆலைகளுக்கு அது தேவை. பிசின் மூர் இன மக்கள் கையில் இருந்தது. அதற்கு மாற்றாக அவர்கள் கேட்டது வெள்ளியும் அல்ல, தங்கமும் அல்ல. புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் நெய்து, அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்த கருநீலத் துணி. பிரெஞ்சு வியாபாரிகள் அதைக் ‘கினே’ என்றார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலேறி முதலில் பிரெஞ்சுத் துறைமுகம் போய், அங்கிருந்து இந்தத் தீவுக்கு வரும். இங்கிருந்து படகில் ஆற்றின் மேலே போய்ச் சந்தைத் துறைகளில் பிசினுக்குக் கைமாறும். ஒரு துண்டு கினேக்கு இத்தனை பிசின் என்றுதான் விலை பேசினார்கள். துணி இங்கே உடுப்பு மட்டுமல்ல, நாணயமும்கூட.

ஐரோப்பிய ஆலைகள் அதே மாதிரி நெய்து அனுப்பிப் பார்த்தன. மூர்கள் துணியை மோந்து பார்த்து ஒதுக்கினார்களாம். அவுரியின் வாசனை, தேய்த்தால் கையில் ஒட்டும் நீலம், மேலே ஒரு பளபளப்பு, மூன்றும் இருந்தால்தான் அசல். கடைசியில் அரசே தலையிட்டு நீளம், அகலம், எடை, முத்திரை என்று சட்டம் போட வேண்டியிருந்தது. 1830களின் இறுதியில் துணி அளவுக்கு மீறி வந்து குவிந்து, கடன் வாங்கிச் சரக்கெடுத்த உள்ளூர் வியாபாரிகள் பலர் நொடித்துப் போனார்கள். விழுப்புரம் பக்கம் ஒரு தறிக்காரர் கூடுதலாக நெய்த துணி, கண்ணால் பார்க்காத ஓர் ஆற்றங்கரையில் ஒருவரைக் கடனாளியாக்கியிருக்கலாம். கிழக்குத் துறைக்கரையில் பழைய நீராவிப் பாரந்தூக்கி ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து இதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டு ஊருக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. பிரிட்டிஷார் பிடித்திருந்த புதுச்சேரியும் சேன் லூயியும் ஒரே உடன்படிக்கையின்படி 1816, 1817 வாக்கில் பிரான்சுக்குத் திரும்பின. இந்த ஊரைத் திரும்பப் பெற வந்த கப்பல்களில் ஒன்றுதான் ‘மெதூஸ்’. 1816 ஜூலையில் மொரித்தானியக் கரைக்கு அப்பால் மணலில் ஏறி நின்றுவிட்டது. படகுகளில் இடம் கிடைக்காத சுமார் 150 பேர் ஒரு தெப்பத்தில் விடப்பட்டார்கள். மீட்கப்பட்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். புதிய ஆளுநர் படகில் பத்திரமாக வந்து சேர்ந்தார்.

பணம் பிரெஞ்சுக்காரர்களிடம் மட்டும் இருக்கவில்லை. ‘சின்யார்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள் இங்கே பெரிய வியாபாரிகள். ஐரோப்பியத் தந்தையும் ஆப்பிரிக்கத் தாயும் கொண்ட குடும்பங்கள். வீடு, படகு, அடிமைகள் எல்லாம் அவர்கள் பெயரில். நள்ளிரவுப் பூசைக்கு அவர்கள் போகும்போது முன்னால் விளக்கு பிடித்துப் போவார்கள். அதுவே ‘ஃபனால்’ என்ற விழாவாக வளர்ந்தது. டிசம்பர் கடைசியில் போனால் காகிதத்தில் செய்த கப்பல், பள்ளிவாசல், பாலம் எல்லாம் உள்ளே விளக்கெரிய ஊர்வலம் வரும். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்பதிவு அவசியம்.

1848இல் இந்த ஊரும் டாக்காருக்கு எதிரே உள்ள கோரே தீவும் சேர்ந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பின. அவர் பெயர் துரான் வாலந்தான், கலப்பினத்தவர். 1914இல் முதன்முதலாக முழு ஆப்பிரிக்கர் ஒருவர் செனகலிலிருந்து வென்றார். அவர்தான் பிளேஸ் தியாங், நீங்கள் இறங்கிய விமான நிலையத்தின் பெயர்க்காரர். 1895இலிருந்து 1902 வரை பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் ந்தார்தான் தலைநகர். பிறகு அது டாக்காருக்குப் போனது. செனகலின் தலைநகர் என்ற பட்டமும் 1950களின் இறுதியில் போய்விட்டது. ஊர் அழகாக அப்படியே இருப்பதற்கு முக்கியக் காரணம் பணம் வெளியேறியதுதான், இடித்துக் கட்ட யாருக்கும் வசதியில்லை. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் ஒரு தெருவுக்கு இரண்டு வீடாவது கூரை விழுந்து கிடக்கும். அந்தச் சுவர்களில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள், நிஜமாகவே விழும்.

செப்டம்பர் 5 அன்று போக வாய்த்தால் ஊர் வேறு மாதிரி இருக்கும். முரீது சூஃபி மரபைத் தொடங்கிய ஷேக் அமது பம்பாவை 1895இல் அந்தத் தேதியில் ஆளுநர் மாளிகையில் விசாரித்து, காபோனுக்கு நாடு கடத்தினார்கள். விசாரணை நடந்த இடத்திலேயே அவர் இரண்டு ரக்அத் தொழுததாக நம்பிக்கை. அந்த நினைவாக ஆண்டுதோறும் பெருங்கூட்டம் மாளிகைக்கு முன்னால் கூடித் தொழுகிறது.

மாலை அஸர் தொழுகை நேரத்தை ‘தக்குசான்’ என்பார்கள். நல்ல உடை உடுத்தி அந்நேரம் உலாவப் போவது இவ்வூர்ப் பழக்கம். ‘தக்குசானு ந்தார்’ என்று அதற்குப் பெயரே உண்டு. அரைக்கால் சட்டையை அறையில் விட்டுவிட்டு, துவைத்து மடித்த ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு நீங்களும் இறங்குங்கள்.

கெத் ந்தார்: அலை இடிக்கும் தெரு

மேற்குப் பக்கம் சின்னப் பாலம் ஒன்றைக் கடந்தால் மணல்திட்டு. அங்கே இருப்பது கெத் ந்தார், மீனவர் குடியிருப்பு. தீவின் அமைதி ஒரே நொடியில் தீர்ந்துவிடும். ஓர் அறையில் பலர், தெருவில் சமையல், பிள்ளைகள், ஆடுகள், வலைகள். கடற்கரையில் வண்ணம் தீட்டிய நீண்ட மரப்படகுகள், நுனியில் பெயரும் மார்க்க குருமார் படமும். பிற்பகலில் படகுகள் திரும்பும் நேரத்தில் போங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் பெட்டி பெட்டியாகத் தலைச்சுமையாக இறக்குவார்கள். அதிகம் வருவது சாளை இன மீன், இங்கே ‘யாபோய்’. களவா இனத்துத் ‘தியோஃப்’ பெரும்பணம் தரும் மீன், அதனாலேயே குறைந்துவிட்டது. காயவைக்கும் களத்தில் எல்லா வேலையும் பெண்கள் கையில். கருவாட்டு வாடை நமக்குப் புதிதல்ல.

கேமராவை உறையிலேயே வையுங்கள். முதலில் வணக்கம், பேச்சு, பிறகு கேட்டுவிட்டுப் படம். வேண்டாம் என்றால் வேண்டாம். இங்கே குளிக்க இறங்குவதும் வேண்டாம், அலையும் குப்பையும் ஒருசேர இருக்கும். தெற்கே போனால் மீனவர்களின் இடுகாடு. கல்லறைகள் மேல் மீன்வலை போர்த்தியிருப்பார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதே மரியாதை.

இந்தக் குடியிருப்பைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது, இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2003 அக்டோபரில் ஆறு பெருகி ஊருக்குள் வெள்ளம் வரும் நிலை. அப்போது ஆற்றின் முகத்துவாரம் ஊருக்குத் தெற்கே வெகு தூரத்தில் இருந்தது. அவசரத்தில், ஊரிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தெற்கே மணல்திட்டைக் குறுக்கே வெட்டினார்கள். 4 மீட்டர் அகல வாய்க்கால்தான். வெள்ளம் வடிந்தது, ஊர் தப்பியது. ஆனால் வாய்க்கால் நிற்கவில்லை. சில மாதங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர், பிறகு கிலோமீட்டர்கள் என்று அகன்று, அதுவே புதிய முகத்துவாரம் ஆகிவிட்டது. தூன் பாபா தியே என்ற ஊர் அழிந்தது. உப்புநீர் காய்கறித் தோட்டங்களுக்குள் ஏறியது. 2017, 2018இல் கடல் சீற்றத்தில் கெத் ந்தாரின் முன்வரிசை வீடுகள் போயின. மக்களை உள்ளே ஜூகோப் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். கடலிலிருந்து தள்ளிப்போன மீனவர் தினமும் வண்டிக்காசு கொடுத்துக் கடலுக்கு வருகிறார். கரையோரம் கற்சுவர் எழுப்பியிருக்கிறார்கள், அதன் மேல் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் கடலைப் பார்க்கிறார்கள்.

தூரத்தில் கடலில் வெளிச்சம் தெரிந்தால் அது எரிவாயு மேடை. செனகல், மொரித்தானியா எல்லையில் கடலடியில் உள்ள படுகையில் 2025இன் தொடக்கத்தில் எரிவாயு வரத் தொடங்கியது. வழக்கமாக மீன் கிடைக்கும் பாறைப் பக்கம் போக முடியவில்லை என்பது மீனவர் புகார். மீன் குறைய, இதே படகுகளில் இளைஞர்கள் ஸ்பெயினின் கேனரித் தீவுகளை நோக்கிக் கிளம்புகிறார்கள். எல்லாரும் போய்ச் சேர்வதில்லை. யாராவது தாமாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் துருவிக் கேட்க வேண்டாம்.

ஆற்றுக்கு ஒரு காவல் தெய்வமும் உண்டு, மாம் கும்பா பாங். நீரில் வாழும் மூதாட்டி. பிள்ளை பிறந்தால், தேர்வு வந்தால், பாலும் தானியமும் ஆற்றில் விடுவார்கள். தொழுகை தவறாத வீடுகளிலும் இது நடக்கும். ஆடிப்பெருக்கு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாப்பாடு

இந்த ஊரில் தவறவிடக்கூடாத ஒன்று ‘செபு ஜென்’, மீன் சோறு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த பெந்தா ம்பாய் என்ற சமையற்காரியின் கைவண்ணம் என்று ஊரே சொல்லும். 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் ஏறியது. அரிசி முழு அரிசி அல்ல, நொய். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய நொய்யரிசிதான் பழகிப் பழகி இவர்கள் விருப்பமாகிவிட்டது. மீனைக் கீறி, மல்லித்தழை போலிருக்கும் பார்ஸ்லி, பூண்டு, மிளகாய் அரைத்த விழுதை உள்ளே திணிப்பார்கள். தக்காளிக் குழம்பில் மீனோடு மரவள்ளி, கேரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய் வேகும். கொஞ்சம் கருவாடு, கொஞ்சம் புளி, நம் புளிச்சகீரையின் சொந்தக்காரக் கீரை. காயையும் மீனையும் எடுத்துவிட்டு, அதே குழம்பில் நொய்யை வேகவைப்பார்கள். அடியில் பிடிக்கும் காந்தலுக்கு ‘ஹோன்’ என்று தனிப்பெயர், அதற்குப் போட்டியும் உண்டு.

வீட்டுக்கு அழைத்தால் போங்கள். தயங்கினால் அவர்களுக்கு வருத்தம். பாய் விரித்து ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்கள். வலது கை மட்டும். உங்களுக்கு முன்னால் உள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், நடுவில் கை நீட்டக் கூடாது. நடுவிலிருக்கும் மீனை வீட்டுக்கார அம்மா பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். போதும் என்றால் கையை எடுத்து எழுந்துவிடலாம், உட்கார்ந்தே இருந்தால் தள்ளிக்கொண்டேயிருப்பார். சைவம் என்றால் கொஞ்சம் சிரமம். மீன் இல்லாமல் என்று சொன்னால் மீனை எடுத்துவிட்டுத் தருவார்கள், குழம்பு மீன் குழம்புதான்.

பிறகு ‘அத்தாயா’. சீனப் பச்சைத் தேயிலையைக் கரி அடுப்பில் கொதிக்கவைத்து, சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் நுரை வரும்வரை மாற்றி மாற்றி ஆற்றுவார்கள். நம்ம டீ மாஸ்டர் பார்த்தால் தலையாட்டுவார். மூன்று சுற்று. முதலாவது கசப்பு, அடுத்தடுத்து இனிப்பு ஏறும். ஒரு மணி நேரமாவது ஆகும். முதல் கோப்பையோடு கிளம்புவது அவ்வளவு நன்றாக இருக்காது. வெயிலுக்கு ‘பூய்’ குடியுங்கள், பெருக்க மரத்துப் பழத்தில் செய்வது. மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தவர்களுக்கு அந்த மரம் தெரிந்திருக்கும்.

கடைசி நாள்: ஆற்றின் மேலே

நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் ஒரு நாளை ஜூஜ் பறவைகள் பூங்காவுக்கு வையுங்கள். வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். 16,000 ஹெக்டேர் சதுப்பு நிலம், 1981 முதல் உலகப் பாரம்பரிய இடம். சகாராவைத் தாண்டி வரும் பறவைகளுக்கு முதல் தண்ணீர் இதுதான். படகில் கூழைக்கடா கூட்டத்துக்கு நடுவே போவீர்கள். வாடை பலமாக இருக்கும், தொப்பி கட்டாயம். நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு கார் பிடித்தால் செலவு கட்டுப்படும். காருக்கு, நுழைவுக்கு, படகுக்கு என்று மூன்று தனிக் கட்டணம். என்னிடம் முதல் முறை ஒரு தரகர் ‘எல்லாம் சேர்த்து’ என்று வாங்கிக்கொண்டார், வாசலில் மறுபடி கட்டினேன். எதெது சேர்த்தி என்று எழுதி வாங்குங்கள்.

போகும் வழியில் தியாமா அணை. கோடையில் கடல்நீர் ஆற்றில் வெகு தூரம் ஏறிவிடும் என்பதால், அதைத் தடுக்க 1986இல் கட்டினார்கள். அணைக்கு மேலே நல்ல தண்ணீர், நெல் வயல், கரும்பு. அணைக்குக் கீழே, கடலுக்கும் அணைக்கும் நடுவில், ந்தார்.

இன்னும் ஒரு வாரமும் கையில் பணமும் இருந்தால் ‘பூ எல் மொக்தாத்’ என்ற பழைய கப்பல் போதோர் என்ற ஊர் வரை ஆற்றில் போகிறது, நீலத்துணிப் படகுகள் போன அதே வழி. இல்லையென்றால் திரும்பும் செத் ப்ளாஸுக்குக் காலை ஏழு மணிக்குள் நிலையத்தில் இருங்கள், நடுவரிசை. கருவாடு வாங்கியிருந்தால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், மற்ற ஆறு பேரும் டாக்கார் வரை உங்களோடுதான் வரப்போகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் சட்டைப்பையில் வையுங்கள்.